மூன்று பார்

பஞ்சிகாவத்தையில் வாங்கியது.
பெட்டியில் ஜப்பான் பெயர், உள்ளே எந்த ஊரோ.
நீல அலுமினியம், உச்சியில் ஒரு திருகு,
அதைப் பூட்ட ஒரு நட்டு,
பக்கத்தில் காற்றை மோப்பம் பிடிக்கச் சின்ன மூக்கு.

தெமட்டகொடையில்
தண்டவாளத்துக்கு முதுகு காட்டிய எங்கள் கராஜில்
ஸ்டார்லெட்டின் பொனட்டைத் தூக்கிவைத்துத்
தினுக சொன்னான்,
"கொஞ்சம் கூட்டியே வையுங்க அக்கா, பயமில்லாம ஓடலாம்."

கூட்டினால் புகை கறுக்கும், ப்ளக் நனையும்.
குறைத்தால் பிஸ்டன் உருகும்.
நடுவில் இருப்பது
அலன் சாவியின் கால் திருப்பு.

வெக்யூம் குழாயைக் கழற்றி விரலால் அடைத்து
எஞ்சினை ஐட்லில் விட்டு
முள் மூன்றில் நிற்கும்வரை திருகினேன்.
நட்டை இறுக்கினேன்.
குழாயை மாட்டினேன். முள் தணிந்தது.
அப்படித்தான் தணிய வேண்டும்.

டர்போ ஒரு பார் ஊதினால் இது நான்கு,
ஒன்றரை ஊதினால் நாலரை.
அது தள்ளுகிற அளவுக்கு இதுவும் தள்ளும்.
மிஞ்சிய பெட்ரோல் சத்தமில்லாமல் டாங்கிக்குத் திரும்பும்.
எனக்குப் பிடித்தது அந்தத் திரும்பிப் போகிற குழாய்தான்.
மூன்று நாள் வரிசையில் கிடந்து
கியூஆர் காட்டி நாலு லீற்றர் வாங்கிய ஊரில்
போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரு சாமான்.

இரவு ஒன்றே முக்காலுக்குப் போன்.
"மூன்றாவது அடிக்குது அக்கா."

நிஃப்ராஸின் த்ரீவீலில் போனேன்.
புதிய களனிப் பாலத்தால் இறங்கி
இங்குருகடைச் சந்திக்கு முன்னால்
கொள்கலன் லொறிகளுக்கு ஒதுங்கி நின்றது கார்.
எண்ணெய் எரிந்த மணம். வெள்ளைப் புகை.
டோர்ச்சைப் பிடித்தேன்.
மூக்கிலிருந்து நழுவித் தொங்கியது
நாலு மில்லிமீற்றர் குழாய்.
டர்போ ஊத ஊத
முள் மூன்றிலேயே நின்றிருக்கும்,
செய்தி போகாத வீடு போல.

"பெட்ரோல் சரியில்ல," என்றான் சிங்களத்தில்.
"தண்ணி கலந்திருக்கான்கள். ஷெட்டைப் பிடிச்சு ஏசணும்."

ஓவரோல் பைக்குள் கை போனது.
க்ளிப் அங்கேதான் இருந்தது.
பின்னேரம், அவிசாவளை ரயில் போகும்போது
யாரோ கூப்பிட,
பிறகு போடலாம் என்று வைத்தது.
அதன் இரண்டு காதும் உள்ளங்கையில் குத்தின.

ஒரு லொறி போனது. இன்னொன்று.
நிஃப்ராஸ் வேறு பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

க்ளிப்பை எடுத்து
சூடான ராக்கர் மூடிமேல் வைத்தேன்.
"பெட்ரோல் நல்லது," என்றேன்.

தினுக குனிந்து பார்த்தான். தொடவில்லை.
கனநேரம் கழித்துக் கேட்டான்,
"எவ்வளவு இது?"

"நாப்பது ரூபா."

அவன் பொனட்டை மெதுவாகச் சாத்தினான்.
நான் பின்பக்கம் போய்க் கை வைத்தேன்.