விட்ட சொல்

கொட்டாஞ்சேனை. ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கரண்ட் போனது,
பாட்டின் நடுச்சொல்லில்.

அதுவரை பன்னிரண்டு கிலோ என்பது
இரும்பில் பொறித்த எழுத்து மட்டும்.
இருட்டில்தான் எடை வந்தது,
முழங்கைக்கு வயது ஏறியது,
காலையில் மனேஜர் சொன்னதும்
திரும்பி வந்து பக்கத்தில் நின்றது.

ஒருவராலும் மூச்சை ஒளிக்க முடியவில்லை.
என்னுடையது
155 பஸ் மேடேறுவதுபோல்.

மூலையில் யாரோ, திலங்கவாக இருக்கலாம்,
லொக்கர் கதவில் பப்பரே தட்டினான்;
ஏதோ ஒரு பள்ளிக்கூட மெட்ச்சின் வெயில்
அவன் விரல்களில் இன்னும் ஆறவில்லை.
தாளம் அடிக்கடி தப்பியது.
இருந்தும் கை எழுந்தது.
ஏழு.
எட்டு. யார் எண்ணுவது?

ஒன்பதில் ஜெனரேட்டர் உறுமியது.
பாட்டு, விட்ட சொல்லிலேயே பிடித்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றேன்,
எனக்கே கேட்கவில்லை.