கடித்துக் காட்டு

பள்ளிக்கூட முகாமில் கொடுத்த சீட்டில்
பச்சை மையில் ஒரு வரி:
பல் வரிசை சரியில்லை. டாக்டரைப் பார்க்கவும்.
மகிஷா அதை டிபன் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தாள்.
லெமன் சாத எண்ணெயில் ஊறி
எல்லா எழுத்தும் கலங்கிவிட்டது,
'சரியில்லை' மட்டும் பளிச்சென்று இருந்தது.

பைபாஸ் ரோட்டில் முதல் டாக்டர்.
ஏசி, மீன்தொட்டி,
சுவரெல்லாம் சிரிக்கிற பிள்ளைகள்.
எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் செருகினார்.
ஏழு வயசுத் தாடைக்குள்
இன்னும் வராத பற்கள் எல்லாம்
எப்போதோ வந்து நின்றன,
ஒன்றன்மேல் ஒன்று, சில சாய்ந்து,
பிளாட்பாரம் காலியாகாமல்
மாட்டுத்தாவணி வளைவில் உறுமிக்கொண்டிருக்கும்
திருச்சி வண்டிகளைப் போல.

நான் அங்கே டைம் கீப்பர்.
எது நுழையும், எது உரசும் என்று
ஹாரன் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
இதில் ஒன்றும் சொல்ல வரவில்லை.

"இப்பவே கம்பி போட்டுரலாம்.
சின்ன எலும்பு, சொன்னபடி கேட்கும்.
பெரிசானதும் இன்னொரு தடவை போடணும், அது தனி.
நாற்பத்தெட்டாயிரம். தவணை உண்டு."

பாண்டீஸ்வரி உடனே தலையாட்டினாள்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில்
நூற்றுப் பன்னிரண்டு போட்டோ.
ஒன்றில்கூட அவள் உதடு பிரியவில்லை.
பத்து வருஷமாக அதை
அடக்கம் என்று நினைத்திருந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம்,
கணக்கு சண்டையானது.
"பொம்பளப் பிள்ள" என்றாள்.
"பல்லே முழுசா வரலையேடி" என்றேன்.
"ஒனக்கென்ன, ஒன் பல்லு நேரா இருக்கு."
நேரான பல்லைக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

செல்லூரில், பாத்திரக் கடைக்கு மேலே
இரண்டாவது டாக்டர், சுமையா.
போன நேரம் கரண்ட் இல்லை.
ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு
எக்ஸ்ரேயை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டி
விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நெருக்கத்துக்கு அவசரமில்ல.
பால்பல்லே பாதி விழல.
பதினொண்ணு, பன்னிரண்டுல பாப்போம்."

பாண்டீஸ்வரியின் முகம் விழுந்தது.
என் முகத்தில் நாற்பத்தெட்டாயிரம் மிஞ்சியது
தெரிந்திருக்க வேண்டும்.
டாக்டர் என்னைப் பார்க்காமல்
பிள்ளையிடம் குனிந்தார்:

"கடிச்சுக் காட்டு தங்கம்.
மெதுவா. இன்னும் மெதுவா."

முதலில் ஒரு பல் தட்டியது.
பிறகு, யாரும் சொல்லாமலே,
மொத்தத் தாடையும் இடப்பக்கம்
ஒரு நூல் நகர்ந்து
தனக்கு ஓர் இடம் தேடிப் பொருந்தியது.

ஏழு வருஷம் எதிரில் உட்கார்ந்து
ஊட்டிய இரண்டு பேர்
அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"மேல் தாடை குறுகல். அதான் ஒதுங்கிக் கடிக்கிறா.
கோணல் காத்திருக்கும், இது காத்திருக்காது.
விட்டா முகமே அந்தப் பக்கமா வளரப் பழகிரும்."

ஒரு பிளேட். நடுவில் ஒரு திருகு.
குண்டூசி கனத்தில் ஒரு சாவி.
வாரத்துக்குக் கால் சுற்று
வீட்டிலேயே திருப்ப வேண்டுமாம்.
கால் சுற்றுக்கு மேல் கூடாதாம்.
என்னிடம் கொடுத்ததும் கை வியர்த்தது.

வண்டியில் நடுவே உட்கார்ந்து
விழுந்த பல்லின் ஓட்டையில்
விசிலடித்துக்கொண்டு வந்தாள் மகிஷா.
"அப்ப பல்லு நேராகாதா?" என்றாள் இவள்.
"இப்ப ஆகாது."
தல்லாகுளம் சிக்னல் வரைக்கும் பேச்சில்லை.
சிவப்பில் நின்றபோது
என் தோளுக்குப் பின்னால், யாருக்கோ சொல்வதுபோல்:
"என்னைய யாரும் கடிச்சுக் காட்டச் சொன்னதில்ல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.

சரியாகத்தான் செய்கிறோமா, தெரியாது.
பன்னிரண்டு வயசில் அவளே வந்து
ஏன் அப்பவே செய்யல என்று கேட்கலாம்.

அன்று இரவு பிள்ளை தூங்கிவிட்டது.
சாவி பீரோவில், நகை டப்பாவில்.
இருட்டில் என் பக்கத்தில்
மெல்ல, மிக மெல்ல,
பல்மேல் பல் வைத்துப் பார்க்கும் சத்தம்.
ஒருமுறை.
கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை.