பகல் உறக்கத்துக்கு ஒரு வாளி வெள்ளை

இரவு வாட்டு முடிந்து
கொட்டடிக்குச் சைக்கிளில் வந்துசேர எட்டரை.
ஊர் வேலைக்குப் போகிற நேரம்
நான் படுக்கிறேன்.
கட்டிலுக்கு நேர் மேலே
அஸ்பெஸ்ரஸ் சீற்றில்
வெயில் வந்து குந்துகிறது.

பத்து மணிக்குக் கொஞ்சம் கனக்கும்.
பன்னிரண்டுக்கு நெற்றியைத் தொடும்.
இரண்டு மணிக்குத்
தலையணையைத் திருப்பிப் போட்டால்
மறுபக்கமும் கொதிக்கும்.
ஃபான் அதே வெக்கையைத்தான்
எடுத்தெடுத்துப் பரிமாறும்.

"வெள்ளை அடிச்சாக் குறையும்" என்றான் நிமலதாசன்.
எவ்வளவு?
"வாளியில பத்துப் பாகை எண்டு போட்டிருக்கு."
வாளி சொன்னால் போதுமா?
நான் தாதி.
அளந்து பார்த்துத்தான் எழுதுவேன்.

இருபது லீற்றர்.
என் இரண்டு மாத ஓவர்ரைம்.

சகாயநாதன் பலகை ஒன்றோடு வந்தார்.
"பழைய சீற், மிஸி.
காலை நேர வைச்சா
உங்கட கட்டிலிலதான் இறங்குவன்."
பலகையைப் போட்டு அதில் தவழ்ந்து
பாசியை நனைத்து நனைத்துத் தேய்த்தார்.
கொய்யாமரத்தடியில் பச்சைத் தண்ணீர் ஓடியது.
"முழுக்கூரைக்கு எண்டா ஒரு பூச்சு.
பாதிக்கு எண்டா ரெண்டு.
ஒண்டு அடிக்கிறது
அடிக்காததுக்குச் சமன்."

என் கட்டிலுக்கு மேலே இரண்டு பூச்சு.
குசினி சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும் என்று
நிமலதாசன்தான் சொன்னான்,
மத்தியானம் சமைக்கிறவன்.

வேலை முடிந்து இறங்கும்போது
சகாயநாதன் ஏணியின் பாதியில் நின்றார்.
பலாலிக்கு இறங்கும் விமானம் ஒன்று
மாமன் மச்சான்மாரையும் அவர்களின் பெட்டிகளையும் சுமந்தபடி
மேலே போய்க்கொண்டிருந்தது.
அது மறையும்வரை பார்த்தார்.
"நல்லாத் தெரியும்" என்றார்,
வெள்ளையைப் பார்த்து.
பிறகு தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.
எங்கள் இருவருக்கும்
அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரை இருபது, பிற்பகல் இரண்டு மணி.
குசினி முப்பத்தொன்பது.
என் அறை முப்பத்தைந்தரை.
இரவு பதினொன்றுக்கு நிமலதாசன் அளந்து அனுப்பினான்:
இரண்டும் முப்பத்தொன்று.

பத்து இல்லை. மூன்றரை.
அதுவும் பகலில் மட்டும்.
ஆனால் ஓர் உடம்புக்கு மூன்றரை என்பது
துண்டு வெட்டி வீட்டுக்குப் போவதற்கும்
நான் ஓடிப்போய் டொக்டரை எழுப்புவதற்கும்
இடையிலுள்ள தூரம்.
நெற்றியில் போட்ட ஈரத்துணி
நோயை மாற்றுவதில்லை.
போட்டவுடன் கண் மூடும்,
அவ்வளவுதான்.
மூடியது.
மூன்று நாள் செத்தவள்போலக் கிடந்தேன்.

நான்காம் நாள்
பக்கத்து மாடிவீட்டு இராசமலர் படலையில் நின்றாள்.
"உங்கட கூரை
என்ர யன்னலுக்குள்ள வெயிலைத் தள்ளுது.
உங்கட வெக்கையை
எனக்கு ஏன் அனுப்புறியள்?"
வானத்துக்கு என்றுதான் அனுப்பினோம்.
வழியில் ஒருத்தி குடியிருப்பதை
வாளியில் எழுதியிருக்கவில்லை.
பதில் தெரியாமல்
உள்ளே வரச் சொன்னேன்.

வந்தாள். நின்றாள்.
மேலே பார்த்தாள்.
கையை உயர்த்தி, தொடமுடியாத சீற்றை நோக்கி
விரலை விரித்துப் பிடித்தாள்,
நாங்கள் குழந்தைக்குப் பால்சூடு பார்ப்பதுபோல.
"இஞ்சை கொஞ்சம் இருந்திட்டுப் போகட்டே?"

அடுத்த நாள் பாயோடு வந்தாள்.
பாய்க்குப் பின்னால் அவளின் இரண்டு பெடியள்,
ஒருவன் கையில் போன்.
வாடாமல் இருக்கட்டும் என்று
கடைக்கார யோகேசன் கொண்டுவந்து வைத்த
தக்காளிக் கூடை.
யாருடையதென்று தெரியாத ஒரு பூனை.
குசினியிலிருந்து ஈரப் பெனியனோடு
சோற்றுக் கோப்பையும் கையுமாக நிமலதாசன்.

வைகாசி இரண்டு, பிற்பகல் இரண்டரை.
இராசமலரின் குறட்டைக்கும்
போனில் ஓடும் கிரிக்கெற்றுக்கும் நடுவில்
கண்ணைத் திறந்து
சுவரைப் பார்த்தேன்.

முப்பத்தாறு.
அரைப் பாகை ஏறியிருந்தது.

கொப்பியை எடுத்து எழுதினேன்:
கூரையின் பிழை அல்ல.