பற்றுச்சீட்டில் உள்ள பெயர்

நவம்பர் இருபத்தாறு. மழை.
கஸ்தூரியார் வீதியில் வெள்ளம் படியேறப் பார்க்கிறது.
விபரத்திரட்டுக் கொடுக்க இன்னும் நாலு நாள்.
ஊர் இப்போதுதான்
தான் செய்த தர்மங்களை ஞாபகப்படுத்திக்கொள்கிறது.

காலையில் ஒருவர்
அன்னதானப் படத்தைக் கைபேசியில் காட்டி
"கணக்கில பிடியுங்கோ தம்பி" என்றார்.
சோறு தெரிகிறது ஐயா, துண்டு தெரியவில்லையே.
இன்னொருவர் பழைய மாணவர் சங்கத்துக்கு
ஓட்டப்பலகை வாங்கிக் கொடுத்தவர். அதில் அவர் பெயர்
ஓட்டங்களைவிடப் பெரிய எழுத்தில்.
அங்கீகரித்த பட்டியலில் சங்கம் இல்லை.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
திணைக்களம் அதற்கு மேலும் கேட்கும்:
எந்த ஆறு, பதிவிலக்கம் என்ன.

மூன்று மணிக்கு மரிய கொறற்றி வந்தாள்.
குருநகர். பெரியாஸ்பத்திரியில் தாதி.
சீருடைக்கு மேல் மழைக்கோட்டு,
பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை,
அதற்குள் ஒரு வருடம்.

சம்பளத்தில் பிடித்தது, வைப்பு வட்டியில் வங்கி பிடித்தது,
கூட்டிக் கழித்தால்
அரசாங்கம் அவளுக்குக் கொஞ்சம் கடன்.
"இதையும் பாருங்கோ" என்று
ஒரு பற்றுச்சீட்டை மேசையில் வைத்து நிமிர்த்தினாள்.
கோப்பாய்ப் பக்கம் ஓர் இல்லம். அங்கீகாரம் இருக்கிறது.
எழுபதாயிரம்.

எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன்:
குடுத்தது அப்படியே திரும்பி வராது மிஸி.
வருமானத்தில் அவ்வளவு குறையும்,
குறைந்ததற்கு உரிய வரி மட்டும் வரும்.
உங்கட படிக்கு நூற்றுக்கு ஆறு.
நாலாயிரத்து இருநூறு.
"மிச்சம்?"
மிச்சம்தான் தர்மம்.
வருடாவருடம் நான் விடுகிற பகிடி அது.
அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பெயரைப் பார்த்தேன்.
'பதினாலாம் கட்டில்' என்று எழுதி
மேலே இல்லத்து முத்திரை.

"பஸ் நிலையத்தில விழுந்து கிடந்த மனிசன்.
பேர் கேட்டால் சின்னவன் எண்டார், அவ்வளவுதான்.
ஒன்பது நாள். ஒருத்தரும் வரேல்ல.
சாரத்து முடிச்சில முப்பத்தெட்டாயிரம், நூறு நூறாய்.
எங்கையாவது பிள்ளையளுக்குக் குடு எண்டார்.
மிச்சம் முப்பத்திரண்டு நான் போட்டது."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெயரை மாற்றித் தருவார்கள், ஒரு அழைப்புத்தான்,
நானே எடுக்கிறேன் என்றேன்.
இல்லையென்றால் உங்கட பங்குக்கு மட்டும் தனிச்சீட்டு:
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது.
கணிப்பானில் இலக்கங்கள் பச்சையாய் மினுங்கின.

"அப்ப அந்தாளின்ர வரி?"
அவருக்கு ஏது வரி மிஸி, கோப்பே இல்லையே.
"பிஸ்கற் வாங்கியிருக்க மாட்டாரோ? சவுக்காரம், பீடி?
கடையில பிடிச்சிருப்பாங்கள்தானே.
அதை ஆர் திருப்பிக் குடுத்தது?"

மழை பலத்தது.
சட்டத்தில் இதற்கொரு பிரிவு இருக்குமா என்று
பத்தொன்பது வருடம் பழகிய மூளை
வெட்கமில்லாமல் தேடிப் பார்த்தது.

"விசாரணைத் தாளிலயும் 'இனந்தெரியாத ஆண்'.
இந்தத் துண்டில மட்டுந்தான்
ஒரு காரியம் செய்த ஆளா நிக்கிறார்.
நாலாயிரத்துக்கு அதை வெட்டவோ?"

நன்கொடை என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.
என் தொழிலில் அதற்குக் கவனயீனம் என்று பெயர்.
அவளுடைய மீளளிப்பு
இருந்த தொகையிலேயே இருந்தது.

எழும்பும்போது கேட்டாள்,
"இதை ஒரு பிரதி எடுக்கலாமோ? வாட்டில ஒட்ட."
இயந்திரம் சூடேறச் சுணங்கியது. மூலத்தை மடித்து
உள் பைக்குள் வைத்தாள், பிரதியை வெளிப் பைக்குள்.
காசு வேண்டாம் என்றேன்.
நனைந்த பத்து ரூபாவை
துளைகருவிக்கு அடியில் செருகிவிட்டு இறங்கினாள்.

ஆறு மணிக்குக் கணக்கு முடித்தேன்.
பத்து ரூபா கூட.
இருமுறை எண்ணிப் பார்த்தும் கூட.