நுரையீரல் மாதிரி

குன்னூரில் இன்று பதினொரு டிகிரி.
பெட்டிக்குள் முப்பத்தேழு.
கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடுகிறது.
துடைக்கும் நேரம்வரை
என் பிழைப்பு என்னவென்று எனக்கே தெரிவதில்லை.

பன்னிரண்டு கிண்ணங்கள்,
ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அகலம்.
அடியில் சல்லடைத் தாள், அதன்மேல் செல்கள்,
கீழே இளஞ்சிவப்பு நீர், மேலே வெறும் காற்று.
முழுக வைத்தால் சோம்பிக் கிடக்கும்.
தலையில் காற்றுப் பட்டால்தான்
தாம் யாரென்று நினைவு வரும் அவற்றுக்கு.
மூன்றாம் வாரம் இழைகள் முளைக்கும்.
பிறகு அடிக்கத் தொடங்கும்,
காற்றே இல்லாத நாளில் நாற்று அசைவதுபோல்.

வெளியே சீட்டு ஒட்டியிருக்கிறேன்: நுரையீரல் மாதிரி.
டீசல் எஞ்சின் பார்க்கும் ஹாலன்
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"மாதிரின்னா, அது மாதிரியா, அதுவேவா?"
போன மாதம் பர்லியாரில் மண் சரிந்து
மின்சாரம் போன இரவில்
நாலே நிமிஷத்தில் எஞ்சினை எழுப்பியவர்.
பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.
இன்னும் சொல்லவில்லை.

கொடையாளர் நாற்பத்தொன்று. ஆண். வயது ஐம்பத்தெட்டு.
புகைப்பழக்கம் இல்லை.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கோவையில் கட்டியோடு வெட்டியதில்
கெடாத ஓரம், விரல்நுனி அளவு,
ஐஸ் பெட்டியில் மலையேறி வந்தது.
அவர் வீடு திரும்பினாரா
படிவம் சொல்லாது. நான் கேட்கவும் கூடாது.

கிருமி வேறொருவர் கோழையிலிருந்து. கிளெப்சியெல்லா.
ஊசியால் தொட்டுத் தூக்கினால்
அதிரசப் பாகுபோல் கம்பி விடும்.
ஐந்து மில்லிமீட்டர் தாண்டினால் பொல்லாதது என்பார்கள்.
இது இருபது வரை அறாமல் வந்தது.
கை நடுங்கவில்லை. பசித்தது.

இருபத்தெட்டாம் நாள், நுண்ணோக்கியில்
சளி சுழல்வதைப் பார்த்தேன்.
உடலில் என்றால் அந்தத் துடிப்பு
அதைத் தொண்டைக்கு ஏற்றியிருக்கும்.
இங்கே தொண்டை இல்லை.
செல்களுக்கு யாரும் சொல்லவில்லை.
ஏற்றுகின்றன, ஏற்றுகின்றன,
விளிம்பில் முட்டித் திரும்பி
மறுபடி வட்டம்.

ஆறு கிண்ணங்களில் ஆளுக்கொரு சொட்டு விட்டேன்.
செல்லுக்குப் பத்துக் கிருமி என்று கணக்கு.
ஒன்பதாம் மணியில் சுழற்சி தளர்ந்தது.
இருபதாம் மணியில் கீழ்நீர் எலுமிச்சை நிறம்.
செல்கள் கைகோத்து நிற்கும்வரை
மின்தடை எண்ணூறுக்கு இறங்காது.
நான் எழுதிய எண் நூற்றுப்பதினாறு.
யாரோ கையை விட்டிருக்கிறார்கள்.

குறைபாடுகள் என்ற தலைப்பில்
ஃபிலோமினா மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன்:
இரத்தக் குழாய் இல்லை. வெள்ளணு இல்லை. காய்ச்சல் இல்லை.
நானாகச் சேர்த்தேன்: இருமல் இல்லை.
"அது எல்லாருக்கும் தெரியும்மா" என்று
மெல்லக் கோடு கிழித்தார்.

மாலைப் பேருந்தில் ஒருவர் இருமினார்.
மடியில் எக்ஸ்ரே உறை, கழுத்தில் கம்பளி மஃப்ளர்.
மூன்று வறட்டு இருமல், ஒரு நிறுத்தம்,
பிறகு அடியிலிருந்து பெயர்த்தெடுக்கும் ஒன்று.
பக்கத்து இருக்கை காலியானது.
மூடுபனியிலும் ஜன்னல்கள் திறந்தன.
எல்லா நெறிமுறையும் தெரிந்த நானும்
துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டேன்.
ஆனாலும் காதை எடுக்க முடியவில்லை.
வேலை முடிகிறது அங்கே.
இழைகள் இரவெல்லாம் ஏற்றி வைத்ததை
ஒரு மனிதர் கைக்குட்டையில் வாங்கி
மடித்து
சட்டைப்பையில் வைக்கிறார்.

வெலிங்டனில் இறங்கிப் போனார்.
ஐம்பத்தெட்டு இருக்கலாம்.
அந்த வயதில் இங்கே ஆயிரம் பேர்.

காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
கிருமி விடாத ஆறிலும்
சளி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
ஐந்து இடஞ்சுழியாக.
ஒன்று வலஞ்சுழியாக.