ஆறாமிடம், நாலாமிடம்

கோட்டை உள்ளே போட்டால் நாம் ஆறாமிடம்,
வெளியே இழுத்தால் நாலாமிடம் என்றார்
கணக்கெடுப்புப் பயிற்சியில் சூப்பர்வைசர்.
பெங்களூர் என்றதும்
பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பள்ளிக்கரணை தாண்டி
என் பிளாக் முடிகிற இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர்.
இந்தப் பக்கம் மாநகராட்சிக் குப்பைத்தொட்டி,
அந்தப் பக்கம் ஊராட்சியுடையது.
நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே, ஜெசிந்தாவின் டிபன் கடை.
அடுப்பு சென்னையில்.
பெஞ்சு வெளியே.

"ராத்திரி எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"மழை எந்தப் பக்கம் அடிக்குதோ
அதுக்கு எதிர்ப்பக்கம்."

மாவு விரலால்
வரைபடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
பென்சில் கோடு அங்கே கொஞ்சம் அழிந்தது.

எதையும் எழுதவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
சென்னையிலிருந்து வரவேண்டிய
ஒரு தோசைக்குக் காத்திருந்தேன்.