எரியாத கட்சி

அக்காவும் நானும் லாவணி பாடுகிறோம் என்றால்
பம்பாயில் எல்லாரும் முதலில் சலங்கையைத் தேடுவார்கள்.
ஆட்டம் கிடையாது, பாவூ, இது வேறே
என்று சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும்.

எங்களுடையது வழக்கு.
காமன் எரிந்தான்: என் கட்சி.
எரியவில்லை: அவள் கட்சி.
பதினாறு வருஷமாய் நடக்கிறது.
தீர்ப்பாகிவிட்டால்
அடுத்த வருஷம் யார் கூப்பிடுவார்கள்?

சந்தின் அந்த முனையில் ஹோலிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
இந்த முனையில் ஆமணக்குக் கொம்பும் கரும்பும் நட்டிருந்தோம்.
பத்து அடித்ததும் போலீஸ்காரர் வந்து
மைக்கை அணைக்கச் சொன்னார்.
சொல்லிவிட்டு, போகாமல்
அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உப்புக்காற்றில் டேப்பின் தோல் தொய்ந்திருந்தது.
பழைய பேப்பரைக் கொளுத்தி
அபரஞ்சி அக்கா அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்,
அப்பளம் சுடுகிறவளைப் போல.
காயணும். கருகக் கூடாது.
விரலால் சுண்டினாள். பேசியது.
நான் துந்தினாவை முறுக்கினேன்.
ஒரே கம்பி, அதிலும் சண்டை.

*நெற்றிக்கண் திறந்தாச்சு நெருப்பாறு பாய்ஞ்சாச்சு
கரும்புவில்லு கரியாச்சு கண்ணெதிரே சாம்பலடி!*

*சாம்பலைத் தொட்டது யாரு சாட்சிக்கு வந்தது யாரு
ரதி கண்ணில் தெரியுறான்டா ராப்பகலா நிக்கிறான்டா!*

'டா' எல்லாம் பாட்டில்தான்.
ஆவணியில் அம்மா போனதிலிருந்து
அக்கா என்னோடு பேசுவதில்லை.

அம்மா பெயர் தையல்நாயகி.
பெயருக்குத் தக்கபடி முப்பது வருஷம்
சூட்கேஸ்களுக்கு ஜிப் தைத்தாள்.
எந்த ஊருக்கும் போனதில்லை.
பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வேண்டாம் என்று
சங்கத்துக்காரர்கள் சொன்னபோது
அக்கா என்னைப் பார்த்தாள்.
நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பதினொன்று இருக்கும்.
நோட்டில் இல்லாத ஒரு அடியை எடுத்தாள்:

*தள்ளினவன் நீதானே தாழ்போட்டவன் நீதானே
உள்ளே அவ எரிஞ்சதை நீ உன் கண்ணால பாத்தியாடா?*

உய்ய் என்று ஒரு விசில்.
புதுசு போல, நல்லாருக்கே என்றார் பின்னால் ஒருவர்.

சயான் மின்மயானம்.
தண்டவாளத்தில் உள்ளே போனாள்.
இரும்புக் கதவு இறங்கியது.
ஒரு பையன் சீட்டில் நம்பர் எழுதினான், நாற்பத்தொன்று.
நாங்கள் எதிர்க்கடையில் டீ குடித்தோம்.
எனக்குச் சர்க்கரை கூடுதல் என்று
திருப்பிக் கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

மெட்டு காத்திருந்தது. கம்பியைத் தட்டினேன்.

*கதவு போட்டாங்க அக்கா கண்ணால நான் பாக்கலையே
சாம்பல் தந்தாங்க அக்கா சரிதானான்னு கேக்கலையே.*

எரிந்த கட்சி தோத்துப் போச்சு!
யாரோ பத்து ரூபாயை என் மடியில் குத்தினார்.
தமிழ் தெரியாத போலீஸ்காரர்
தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.
டேப்பு நின்றிருந்தது.
அந்த முனையில் விறகு வெடிக்கும் சத்தம்.

அப்புறம் அவள் எடுத்தாளே, எதை எடுத்தாள் தெரியுமா,
என் அடியை.
*கரும்புவில்லு கரியாச்சு.*
குரல் தாழ, டேப்பில் உள்ளங்கை மட்டும்.
*கண்ணெதிரே சாம்பல்.*
காணாததைக் கண்டவள்போல் பாடினாள்.

ரெண்டு பேரும் ஒரே கட்சி என்றால் வழக்கு நிற்காதே.
எரியலையே என்று நான் தொடங்கினேன்.
ஒரு அடிகூட மனப்பாடம் இல்லை.
பதினாறு வருஷம் பக்கத்தில் கேட்டதை வைத்து
தப்பும் தவறுமாய், ரதி கண்ணில், ரதி கண்ணில் என்று.
தப்பான இடத்தில் அவள் டேப்பால் குட்டினாள்,
சின்ன வயசில் மண்டையில் குட்டியதுபோல.

கடைசி கல்யாண் லோக்கல்.
பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டு,
கம்பியைத் தாண்டிக் கையை நீட்டி,
"ரெண்டாவது அடியில சுதி எறங்குதுடா" என்றாள்.

பாட்டில் இல்லை, பிளாட்பாரத்தில் சொன்னாள்.

வண்டி போன பிறகுதான் பார்த்தேன்:
அவள் பங்கு, எழுநூற்றைம்பது,
என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.